அடுத்த கட்டை என்ன?

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஓடத்தில் அக்கரை சேர்க்கும் கணக்கைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. ஓடக்காரன் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாத கரையில் புலியோடு ஆட்டை விட்டால் ஆடு போச்சு. ஆட்டோடு புல்லை விட்டால் புல் போச்சு. இதே கணக்கு, புலிக்குப் பதில் ஓநாயும் புல்லுக்குப் பதில் முட்டைக்கோஸுமாக, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய லத்தீன் ஏடுகளில் இருக்கிறது. இளைஞர்களின் புத்தியைத் தீட்டுவதற்கென்று ஐம்பத்துச் சொச்சம் புதிர்களைத் திரட்டிய அந்தத் தொகுப்பை யார்க் நகரத்து அறிஞர் அல்குயினுடையது என்று சொல்வது மரபு. பேரரசர் சார்லமேனின் அரசவைப் பள்ளியை நடத்தியவர் அவர். அந்த அரசவை நிலைகொண்ட ஊர், ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் பெல்ஜியமும் நெதர்லாந்தும் வந்து தொடும் மூலையில் இருக்கும் ஆஹென். வெந்நீர் ஊற்றுகளுக்காகச் சார்லமேன் விரும்பித் தங்கிய ஊர். அவர் எழுப்பிய எண்கோணத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. 796இல் தூர் நகர மடத்துக்குத் தலைவராகப் போன பிறகும் அல்குயின் மன்னருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கடிதத்தில், மனமகிழ்ச்சிக்காகச் சில எண்கணித நுட்பங்களை அனுப்புவதாகச் சொல்கிறார்.

டெட்ரிஸைப் பற்றிய அத்தியாயம் ஒரு பேரரசரின் ஊரில் தொடங்கக் காரணம் இருக்கிறது. 2016இல் அதே ஊரின் ஆர்.டபிள்யூ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குக் கணினி அறிவியல் பேராசிரியராக வந்தார் கெர்ஹார்ட் வோகிங்கர். 1964இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிறந்தவர். அதற்குமுன் நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருந்தபோது, பேட்டர் சோர்பா, கோர் ஹர்கன்ஸ் இருவருடனும் சேர்ந்து 2008இல் அவர் எடுத்துக்கொண்டது இந்த ஓடக் கணக்கையேதான். மூன்று சரக்குக்குப் பதில் முந்நூறு சரக்கு. எது எதோடு தனித்திருக்கக் கூடாது என்ற பட்டியல் கையில் இருக்கிறது. குறைந்தபட்சம் எவ்வளவு பெரிய ஓடம் வேண்டும்? அந்த அளவுக்கு ‘அல்குயின் எண்’ என்று பெயர் வைத்தார்கள். கரையில் ஒரு பகைகூட மிஞ்சாமலிருக்கக் குறைந்தது எத்தனை பேரைப் பிடித்து ஓடத்தில் உட்காரவைக்க வேண்டுமோ, விடை அந்த எண்ணாக இருக்கும், அல்லது அதைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். வேறெதுவும் சாத்தியமில்லை என்று நிறுவினார்கள். இரண்டே வாய்ப்புதான், ஆனால் அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது கணினிக்கும் பெரும்பாடான வேலை என்பதையும் சேர்த்தே நிறுவினார்கள்.

வோகிங்கரைக் கணினி உலகுக்கு வெளியேயும் பிரபலமாக்கியது ஒரு பட்டியல். விடை கொடுத்தால் சரிபார்ப்பது சுலபம், விடையைத் தேடுவது மலைப்பு. இப்படிப்பட்ட கணக்குகளுக்கெல்லாம் சுலபமான தேடுமுறை உண்டா, இல்லையா? கணினி அறிவியலின் மிகப் பெரிய கேள்வி இது. 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் இதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. ‘உண்டு’ என்றும் ‘இல்லை’ என்றும் நிரூபித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்த கட்டுரைகளை வோகிங்கர் வரிசையாகக் குறித்து வைத்தார். 1986 தொடங்கி 2016 வரை 116 உரிமைக்கோரல்கள். கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. வோகிங்கர் 2022 ஏப்ரல் 1 அன்று ஆஹெனில் காலமானார், வயது 57.

அவருடைய ஆராய்ச்சியின் பெரும்பகுதி அடுக்குவதும் அட்டவணை போடுவதும் பற்றியது. பெட்டிக்குள் பொருள்களை அடுக்குவது, இயந்திரங்களுக்கு வேலை பிரிப்பது, அதிலும் முக்கியமாக, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமலே இப்போது வந்ததை எங்காவது வைத்தாக வேண்டிய நிலை. கணினிக்காரர்கள் இதை ஆன்லைன் கணக்கு என்பார்கள். இணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1998இல் அமோஸ் ஃபியாட்டுடன் சேர்ந்து இந்தத் துறையின் நிலையைத் தொகுத்து ஒரு நூலையே பதிப்பித்திருக்கிறார். ஓடக் கணக்கில் எல்லாம் முதலிலேயே தெரியும், தவறினால் திருத்தலாம், ஏன், ஆட்டைத் திரும்ப இக்கரைக்குக் கொண்டுவருவதில்தான் அந்தப் புதிரின் விடையே இருக்கிறது. அடுத்தது தெரியாது, வைத்ததை எடுக்கவும் முடியாது என்று அந்த இரண்டு வசதியையும் பிடுங்கிக்கொண்டால் கிடைப்பது வேறொரு வகைப் புதிர். 1984இல் மாஸ்கோவில் அது டெட்ரிஸ் என்ற விளையாட்டாகப் பிறந்தது: மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்க வேண்டும், இடைவெளியின்றி நிரம்பிய வரிசை மறையும், குவியல் உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும்.

சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்தவர் அலெக்ஸி பஜித்னோவ். ஐந்தைந்து சதுரங்களை ஒட்டிய பன்னிரண்டு வடிவங்களைப் பெட்டியில் பொருத்தும் பென்டோமினோ புதிரில் அவருக்குப் பித்து. (இவ்வகை வடிவங்களை ஒரு கணிதத் துறையாக 1953இல் தொடங்கிவைத்தவர் சாலமன் கோலம்ப்.) பன்னிரண்டு வடிவங்கள் ஓடும் ஆட்டத்தில் கண்ணுக்கு அதிகம். நான்கு சதுரங்களாகக் குறைத்தார், வடிவங்கள் ஏழாயின. அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 கணினிக்குப் படம் வரையத் தெரியாது, எழுத்து மட்டும்தான். ஆகவே முதல் டெட்ரிஸின் கட்டைகள் அடைப்புக்குறிகளால் ஆனவை. வதிம் கெராசிமோவ் என்ற பதினாறு வயதுப் பையனும் திமித்ரி பாவ்லோவ்ஸ்கியும் சேர்ந்து ஐ.பி.எம். கணினிக்கு ஏற்ப அதை மாற்றியதும் ஃபிளாப்பியில் நகலெடுத்து நகலெடுத்து ஊரெங்கும் பரவியது. உரிமைக்காக நடந்த இழுபறியை மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். ஹென்க் ரோஜர்ஸ் மாஸ்கோ போய் உரிமை வாங்கியதும், 1989இல் நிண்டெண்டோவின் கேம் பாயோடு டெட்ரிஸ் சேர்ந்தே விற்பனைக்கு வந்ததும் சொன்னால் இங்கே போதும்.

நம் ஊருக்கு அது வந்த வழி வேறு. தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலும் திருவிழாக் கடைகளிலும் கிடைத்த, சாம்பல் திரையும் மஞ்சளோ சிவப்போ பொத்தான்களும் கொண்ட ‘பிரிக் கேம்’ பலருக்கு ஞாபகம் இருக்கும். ‘9999 ஆட்டங்கள்’ என்று உறையில் போட்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களின் வேகத்தை மாற்றி மாற்றி எண்ணியிருப்பார்கள். பஜித்னோவ் பெயரும் அதில் இல்லை, டெட்ரிஸ் என்ற பெயரும் இல்லை. ஆனால் திரையில் அகலத்துக்குப் பத்து, உயரத்துக்கு இருபது கட்டங்கள். மாஸ்கோ கணக்கு அப்படியே இருந்தது. பெயரை உரித்துவிட்டாலும், இசையை மாற்றிவிட்டாலும், வண்ணத்தைப் பறித்துவிட்டாலும் ஆட்டம் சேதமாகவில்லை. கதையும் நாயகனும் கொண்ட எந்த வீடியோ கேமுக்கு இது நடக்கும்? அதன் பலம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

எண்ணிப் பார்ப்போம். காலியான பத்துக் கட்ட அகலத்தில் ஒரு சதுரக் கட்டையை எத்தனை இடங்களில் வைக்கலாம்? ஒன்பது. நீளக் கட்டையைப் படுக்கவைத்தால் ஏழு இடம், நிறுத்தினால் பத்து, ஆகப் பதினேழு. எஸ், இசட் வடிவங்களுக்கும் தலா பதினேழு. டி, எல், ஜே மூன்றுக்கும் நான்கு திசைகளும் வேறு வேறு என்பதால் தலா முப்பத்து நான்கு. ஆக ஒரு கட்டை விழும்போது ஆட்டக்காரர் முன் நிற்கும் கேள்விக்கு 9 முதல் 34 வரை விடைகள். பெரும்பாலானவை பார்த்தவுடனே கழிந்துவிடும். மனதில் நிற்பது இரண்டோ மூன்றோ. ஆறு வயதுப் பிள்ளையால் ஆடமுடிகிற சிறிய கேள்வி. ஆனால் அதற்குச் சரியான விடை எது என்பது இனி வரப்போகும் கட்டைகள் அத்தனையையும் பொறுத்தது. டெட்ரிஸின் ஈர்ப்பு முழுவதும் இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையிலான தூரத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: கைக்குள் அடங்கும் சிறிய கேள்வி, அதற்குப் பின்னால் கணிதத்துக்கே அடங்காத பெரிய கேள்வி. நொடிக்கொரு தரம் சிறியதற்கு விடை சொல்லிவிடுகிறோம். பெரியது அப்படியே நிற்கிறது.

பெரிய கேள்வி எவ்வளவு பெரியது? 2002இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் எரிக் டெமெய்ன், சூசன் ஹோஹன்பெர்கர், டேவிட் லிபன்-நோவெல் மூவரும் ஆட்டக்காரருக்கு ஒரு சலுகை கொடுத்துப் பார்த்தார்கள். கட்டைகளின் வரிசை முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நேர நெருக்கடியும் வேண்டாம். உட்கார்ந்து யோசித்து, பலகையை முழுவதும் காலி செய்ய முடியுமா என்று மட்டும் சொல்லட்டும். அப்படியும் அது மலைப்பான கணக்குகளின் கூட்டத்தில்தான் விழுகிறது. அவர்கள் நிறுவிய வழி அழகானது. ஆறு மூட்டைகள் இருக்கின்றன: 26, 29, 30, 31, 31, 33 கிலோ. மூன்று மூன்றாக இரண்டு வண்டிகளில் ஏற்ற வேண்டும், பாரம் சமமாக இருக்க வேண்டும். 26, 31, 33 ஒரு வண்டி. 29, 30, 31 மற்றொன்று. இரண்டிலும் 90 கிலோ. ஆறு மூட்டைக்கு இது விளையாட்டு. அறுநூறு மூட்டைக்கு எல்லா நேரமும் விரைவாகச் செல்லுபடியாகும் வழி எதுவும் யாருக்கும் தெரியாது. டெட்ரிஸ் பலகையில் குறுகிய குழிகளை வண்டிகளாகவும், கட்டைகளின் தொடர்களை மூட்டைகளாகவும் அமைத்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். மூட்டைகள் சமமாகப் பிரிந்தால் குழிகள் பிசிறில்லாமல் நிரம்பும், கடைசியில் வரும் நீளக் கட்டைகள் பலகையைத் துடைத்துவிடும். பிரியாவிட்டால் எங்கோ ஒரு பொந்து விழும், பலகை காலியாகாது. டெட்ரிஸை விரைவாகத் தீர்க்கும் முறை ஒன்று கிடைத்தால் அது மூட்டைக் கணக்கையும் தீர்த்துவிடும். வோகிங்கரின் பட்டியலில் இடம்பிடித்த 116 கட்டுரைகளும் தேடிய விடை கிடைத்துவிடும். துல்லியமான விடை வேண்டாம், ஓரளவுக்குக் கிட்ட வந்தால் போதும் என்று இறங்கி வந்தாலும் பயனில்லை என்பதையும் மூவரும் காட்டினார்கள்.

இங்கே ஒரு நிபந்தனையை மறைக்கக் கூடாது. இந்தத் தேற்றங்கள் பலகை வளர்ந்துகொண்டே போகலாம் என்ற அனுமானத்தில் நிற்பவை. அகலத்தையோ உயரத்தையோ ஒன்றை மட்டும் கட்டிப்போட்டால் போதாது. எட்டே பத்திகள் இருந்தாலும், நான்கே வரிசைகள் இருந்தாலும் சிக்கல் தீராது என்று 2020இல் டெமெய்னும் வேறு சிலரும் நிறுவினார்கள். இரண்டையும் 10, 20 என்று நிறுத்திவிட்டால் கொள்கையளவில் எல்லா நிலைகளையும் எண்ணிவிடலாம். 200 கட்டங்கள், ஒவ்வொன்றும் காலி அல்லது நிரம்பியது. 2ஐ 200 தடவை பெருக்கினால் வரும் எண் 61 இலக்கம் கொண்டது. கொள்கையளவில்தான்.

அப்படியானால் மனிதர்கள் எப்படி ஆடுகிறார்கள்? வோகிங்கருக்கு முன் ஆஹெனில் அதே துறைக்குத் தலைமை வகித்து, 2014இல் இளவயதில் மறைந்த பெர்தோல்ட் ஃபோக்கிங்கின் ஆராய்ச்சி இந்த இடத்தில் உதவும். மலைப்பானது என்று பெயரெடுத்த பல கணக்குகள் நடைமுறையில் சாதுவாக நடந்துகொள்வது ஏன் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. பைக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களை நிரப்பும் பழைய கணக்கை எடுத்துக்கொண்டு, எடையும் விலையும் தற்செயலாக அமைந்தால் அது சராசரியில் விரைவாகத் தீர்ந்துவிடும் என்று 2003இல் ரெனே பையருடன் சேர்ந்து அவர் காட்டினார். கெட்ட உதாரணங்கள் இருக்கின்றன. ஆனால் அவை மெனக்கெட்டுச் செதுக்கப்பட்டவை, லேசாக அசைத்தால் குலைந்துவிடும். டெட்ரிஸுக்கு இப்படியொரு தேற்றத்தை அவர் எழுதவில்லை. ஆனாலும் அதில் ஆறுதலான பாடம் உண்டு: எதிரி உட்கார்ந்து கட்டைகளைப் பொறுக்கி அனுப்பவில்லை, ஏதோ ஒரு சீட்டுக்குலுக்கல்தான் அனுப்புகிறது. அந்த வித்தியாசத்தில்தான் நம் பிழைப்பு ஓடுகிறது.

எதிரியே அனுப்பினால்? வோகிங்கரும் ஹங்கேரியின் யானோஷ் சிரிக்கும் 1997இல் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கணக்கிட்டார்கள். நிலையான அகலமுள்ள நீண்ட பட்டை; செவ்வகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன; வந்ததை வைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பார்க்கலாம்; மொத்த உயரம் குறைவாக இருக்க வேண்டும். காகிதச் சுருளிலும் உலோகத் தகட்டிலும் வெட்டுகிற ஆலைகளின் கணக்கு இது. அலமாரித் தட்டுகள்போல அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கும் முறைகள் எதுவானாலும், எதிர்காலம் முழுவதும் தெரிந்தவரின் உயரத்தைப்போல் சுமார் 1.69 மடங்குக்குக் கீழே உத்தரவாதம் தர முடியாது. அந்த எல்லையை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும் முறை உண்டு. அடுத்தது தெரியாமல் இருப்பதற்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டிய மாதிரி.

அதே ஆண்டு டெல் அவீவில் யோசி அசாரும் லியா எப்ஸ்டீனும் டெட்ரிஸைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு ஒரு படி மேலே போனார்கள். செவ்வகம் மேலிருந்து இறங்கி, வழியில் எதிலும் முட்டாமல் தன் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவர்கள் கண்டது இன்றும் எனக்கு வியப்பு. கட்டையைத் திருப்ப அனுமதித்தால், நஷ்டம் ஒரு நிலையான மடங்கைத் தாண்டாதபடி ஆடும் முறை இருக்கிறது. திருப்பக்கூடாது என்றால் அப்படி எந்த முறையும் கிடையாது. பஜித்னோவ் ஆட்டத்தில் வைத்த திருப்பும் பொத்தான்தான் தாங்கக்கூடிய நஷ்டத்தையும் தாங்கமுடியாத நஷ்டத்தையும் பிரிக்கும் கோடு.

டெட்ரிஸிலேயே எதிரியின் ஆயுதம் எது என்பதும் தெரியும். எஸ்ஸும் இசட்டும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் பிரஸ்டோவ்ஸ்கி 1992இல் தன் முதுகலை ஆய்வேட்டில் இதைக் கவனித்தார். ஹைடி பர்கியல் 1997இல் முடிச்சை இறுக்கினார்: எஸ், இசட், எஸ், இசட் என்று மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், யார் ஆடினாலும், எவ்வளவு மெதுவாக ஆடினாலும், 70,000 கட்டைகளுக்குள் ஆட்டம் முடிந்தே தீரும். கட்டைகள் உண்மையிலேயே தற்செயலாக வருமானால், போதிய காலம் காத்திருந்தால் இந்த வரிசையும் என்றோ ஒருநாள் வந்துவிடும். ஆக எல்லா டெட்ரிஸ் ஆட்டமும் தோல்வியில்தான் முடியும், தேற்றம் அது. ஆனால் அந்த நாள் வரக் காத்திருக்க வேண்டிய கட்டைகளின் எண்ணிக்கையை எழுதினால் சுமார் 59,000 இலக்கங்கள் வரும். இந்தப் பிரபஞ்சத்தில் யாரும் அந்தக் காரணத்தால் தோற்கப்போவதில்லை.

2000களின் தொடக்கத்திலிருந்து வந்த பதிப்புகள் இந்த எதிரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஏழும் தீர்ந்த பிறகே அடுத்த பை. எஸ்ஸும் இசட்டும் அடுத்தடுத்து நான்குக்கு மேல் வர வழியில்லை. ஒரு நீளக் கட்டைக்கும் அடுத்த நீளக் கட்டைக்கும் நடுவே அதிகபட்சம் பன்னிரண்டு கட்டைகள். கணக்குப்படி இதில் வேகம் கூடாவிட்டால் முடிவில்லாமல் ஆடலாம். நியாயமான ஏற்பாடுதான், போட்டிகளுக்கு அவசியமும்கூட. ஆனாலும் பழைய குலுக்கலின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு நான்கு வரிசையை நிரப்பிவிட்டு, வருமா வராதா என்று தெரியாத நீளக் கட்டைக்காகக் குவியல் ஏற ஏறக் காத்திருப்பது இருக்கிறதே, பன்னிரண்டுக்குள் வந்துவிடும் என்ற உறுதி கிடைத்ததும் அதில் பாதி போய்விடுகிறது.

நடைமுறையில் ஆட்டக்காரரைத் தோற்கடிப்பது தேற்றமல்ல, வேகம். வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுவதற்கென 1989இல் நிண்டெண்டோ வெளியிட்ட பதிப்பில் 29ஆம் நிலைக்குப் போனதும் கட்டை நொடிக்கு அறுபது கட்டம் இறங்கும். மேலிருந்து அடிவரை மூன்றில் ஒரு நொடி. பொத்தானை அழுத்திப் பிடித்தால் கட்டை ஓரத்துக்குப் போய்ச் சேருமுன் தரையைத் தொட்டுவிடும். அதுதான் எல்லை என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் நம்பப்பட்டது. பிறகு விரலை அதிரவைத்துப் படபடவென்று தட்டும் முறை வந்தது. 2011இல் தோர் ஆக்கர்லண்ட் 30ஆம் நிலையைத் தொட்டார். அடுத்து, பொத்தான்மேல் ஒரு விரலைச் சும்மா வைத்துக்கொண்டு, கருவியின் முதுகில் மற்ற விரல்களை மிருதங்கத்தில் உருட்டுவதுபோல் உருட்டும் முறை வந்தது. 2023 டிசம்பர் 21 அன்று, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு 13 வயதுச் சிறுவன் இப்படி ஆடி 157ஆம் நிலையை அடைந்தபோது ஆட்டம் உறைந்து நின்றுவிட்டது. மதிப்பெண்ணைக் கூட்டும் கட்டளைகள், அந்த உயரத்தில், ஒரு படச்சட்டத்துக்குள் முடியாமல் அடுத்ததோடு மோதியதால் வந்த உறைவு. மனிதக் கையால் அந்த இயந்திரம் உறைந்தது அதுவே முதல் தடவை.

இந்த வேகத்தில் யோசிப்பது எது, மூளையா விரலா? கலிஃபோர்னியாவின் சான் டியகோவில் டேவிட் கிர்ஷும் பால் மாக்லியோவும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிக முக்கியமானது. ஆட்டக்காரர்கள் தேவைக்கு மேல் கட்டையைத் திருப்புகிறார்கள். கட்டை முழுதாகத் திரைக்குள் வருமுன்பே திருப்பத் தொடங்குகிறார்கள். தவறுதலாக அல்ல. ஒரு வடிவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்க ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கிறது. பொத்தானை அழுத்தித் திரையிலேயே திருப்பிப் பார்க்க அதில் மூன்றிலொரு பங்கு போதும். அதனால் யோசனையின் ஒரு பகுதியைத் திரையிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஊர்ப்பட்ட ஆட்டங்கள் இருக்க உளவியலாளர்கள் டெட்ரிஸைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமும் இதுதான். சிந்தனை இதில் பொத்தான் அழுத்தங்களாக வெளியே தெரிகிறது, மில்லிநொடிக் கணக்கில் அளக்கவும் முடிகிறது.

தேர்ந்தவர்களுக்கு மூளை குறைவாகவே செலவாகிறது என்பதற்கும் சான்று உண்டு. ரிச்சர்டு ஹையர் குழு 1992இல் எட்டுப் பேரைச் சில வாரங்கள் பழகவைத்து, முன்னும் பின்னும் மூளையின் சர்க்கரைச் செலவைப் படமெடுத்தது. மதிப்பெண் ஏழு மடங்குக்கு மேல் ஏறியது; செலவு இறங்கியது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்தான், இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டிவிடக் கூடாது.

ஆடி முடித்துப் படுத்தபின் கண்ணுக்குள் கட்டைகள் விழுவது பலர் அனுபவித்தது. ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், புதிய நினைவே பதியாத மறதி நோயாளிகள் ஐவரும் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை அவர்களுக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. அந்த ஐவரில் மூவர், தூங்கப்போகும் வேளையில் வடிவங்கள் விழுவதும் திரும்புவதும் தெரிவதாகச் சொன்னார்கள். எங்கே பார்த்தது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் படங்கள் கண்ணுக்குள் இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளுமானால், வேறு படங்கள் வராமல் தடுக்கவும் அவை உதவாதா? ஆக்ஸ்ஃபோர்டில் எமிலி ஹோம்ஸ் கேட்ட கேள்வி இது. விபத்துக் காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்து அரைமணி கழித்துப் பத்து நிமிடம் டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் தாமாகத் திரும்பிவருவது குறைந்தது என்று 2009இல் கண்டார். எந்த ஆட்டமானாலும் இது நடக்குமா? மறு ஆண்டு சோதனையில் பொது அறிவுக் கேள்வி பதில் ஆட்டம் ஒன்றை ஆடவிட்டார்கள். அதனால் காட்சிகள் குறையவில்லை, கூடவே செய்தன. கவனத்தைத் திருப்புவது மட்டும் போதாது, கண்ணின் தற்காலிக நினைவிடத்தை நிரப்ப வேண்டும். 2017இல் வெளியான ஆய்வில், சாலை விபத்துக்குப் பின் சில மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவிலேயே 71 பேரிடம் சோதித்தபோது, ஆடியவர்களுக்கு முதல் வாரத்தில் அந்த நினைவுகள் 62 சதவீதம் குறைவாக வந்தன.

ஆண்டுக்கணக்கில் பழகிப்போன கொடிய நினைவுகளுக்கும் இது உதவுமா என்பதை, ஆஹெனுக்கு வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவில் உள்ள போகும் நகரின் ரூர் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் கெஸ்லர் குழு 2018இல் சோதித்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 20 பேர். திரும்பத் திரும்ப வரும் காட்சிகளில் ஒன்றைத் தாளில் எழுத வேண்டும். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு 25 நிமிடம் டெட்ரிஸ் ஆட வேண்டும். மறு வாரம் வேறொரு காட்சி. இப்படி எழுதி ஆடிய காட்சிகள் சராசரியாக 64 சதவீதம் குறைந்தன. எழுதப்படாத காட்சிகள் 11 சதவீதமே. 20 பேரில் 16 பேருக்குப் பலன் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆட்டம் இல்லாத தனிக் குழு எதுவும் இந்த ஆய்வில் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்குள், எழுதிய காட்சி குறைந்து எழுதாதது அநேகமாக அப்படியே நின்றதால், மருத்துவமனைச் சூழலோ மற்றச் சிகிச்சையோ மட்டும் காரணம் என்று தள்ளிவிடவும் முடியாது.